தோட்டத்துச் செக்ரோலும் ஒற்றைக் கோப்புத் தரவுத்தளமும்

குளுவாங், லாபிஸ், சிகாமட் எனப் பரவிய ஜொகூர் ரப்பர் தோட்டங்களில் அன்றாடக் கணக்கு விடியுமுன் பெரட்டு எனும் ஆள் கணக்கெடுப்பில் தொடங்கியது. பேர் கூப்பிட்டு எடுத்த வருகை அலுவலகத்தில் கிராணி எனும் எழுத்தரின் செக்ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில், ஏறும். ஆளுக்கு ஒரு வரி, நாளுக்கு ஒரு கட்டம். மாதக் கடைசியில் கட்டங்களைக் கூட்டி முன்பணத்தைக் கழித்தால் சம்பளம். எழுதுபவர் ஒருவரே என்பதால் ஏடும் ஒன்றே போதுமானதாக இருந்தது.

பத்திகளைப் பெருக்கியது சட்டம். 1951இல் ஊழியர் சேமநிதி வந்தது, 1971இல் சொக்சோ எனும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சம்பளக் காலம் முடிந்த ஏழு நாளுக்குள் கூலி தர வேண்டும். பதிவேடுகளை ஆறு ஆண்டு காக்க வேண்டும்.

இத்தகைய ஓரறை அலுவலகத்துக்கு ஏற்ற மென்பொருள் 1980களின் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்தது. வேய்ன் ராட்லிஃப் எழுதிய 'வல்கன்' நிரலை ஆஷ்டன்-டேட் நிறுவனம் 'டிபேஸ் II' என விற்றது. அதன் அட்டவணையும் ஏறத்தாழ கோடிட்ட ஏடுதான்: ஒவ்வொரு புலத்துக்கும் அகலம் முன்பே தீர்மானிக்கப்பட்டிருக்கும். பெயருக்கு இருபது எழுத்து ஒதுக்கினால், 'ஏ/எல்' (மகன்) போட்டுத் தகப்பன் பெயரையும் சேர்க்கும் மலேசியத் தமிழரின் பெயர் பாதியில் அறுபடும்.

1992இல் வந்த மைக்ரோசாஃப்ட் அக்செஸ் தரவு, படிவம், அறிக்கை எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்தது. நிரல் எழுதத் தெரியாதவரும் கூலிப் பட்டியலை அச்சிடலாம். அதன் செல்வாக்குக்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் வலையமைப்பில் பலர் ஒரே கோப்பைத் திறந்திருக்கையில் இணைப்பு அறுந்தால் கோப்பே கெடக்கூடும்.

ரிச்சர்ட் ஹிப் 2000இல் வெளியிட்ட எஸ்க்யூலைட் எனும் ஒற்றைக் கோப்புத் தரவுத்தளத்தின் வேர் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்றுக்கான மென்பொருள் வேலை. தனிச் சேவையகம் வேண்டாம், நிரலுக்குள்ளேயே இயங்கும். பெயர் எவ்வளவு நீண்டாலும் வெட்டாது. ஒரு பதிவு முழுதாக ஏறும், இல்லையேல் ஏறவே ஏறாது. எழுதும் நடுவில் மின்சாரம் போனாலும் அரைகுறைக் கணக்கு மிஞ்சாது. 2004இல் வந்த மூன்றாம் பதிப்பின் கோப்பு வடிவத்தை 2050 வரை ஆதரிப்பதாக அதை உருவாக்கியவர்கள் அறிவித்துள்ளனர். ஆறாண்டுப் பதிவேட்டுக்கு அது தாராளம். படிவமும் அறிக்கையும் மட்டும் தனியாக எழுதப்பட வேண்டும். அக்செஸ் தந்த சௌகரியம் இதில் இல்லை.

பல தோட்டங்களின் கிராணிகள் ஒரே நேரத்தில் தலைமையகக் கணக்கில் எழுதும்போதுதான் மைஎஸ்க்யூஎல், ஆரக்கிள் போன்ற சேவையகத் தரவுத்தளமும் அதைப் பராமரிக்க ஓர் ஆளும் தேவைப்படும்.