தற்கையொப்பச் சான்றிதழ் எச்சரிக்கை (சுவிட்சுகள்)

வலையமைப்புச் சுவிட்சின் மேலாண்மைப் பக்கத்தை எச்டிடிபிஎஸ் வழியாகத் திறக்கும்போது உலாவி காட்டும் பாதுகாப்பு அறிவிப்பு. சான்றிதழை நம்பகமான சான்றளிப்பகம் எதுவும் தராமல் சுவிட்சே தனக்குத்தானே வழங்கிக்கொள்வதால் இது எழுகிறது. மென்பொருள் மேம்பாட்டின்போது சான்றிதழ் மாறினால், முன்பு ஏற்றுக்கொண்ட உலாவியும் மீண்டும் எச்சரிக்கும்.

இவ்வகையில் பெயர்பெற்றது சிஸ்கோவின் ஐஓஎஸ், ஐஓஎஸ் எக்ஸ்இ இயங்குதளங்களின் சிக்கல். பாதிக்கப்பட்ட பதிப்புகள் உருவாக்கிய தற்கையொப்பச் சான்றிதழ்கள் எல்லாம், எப்போது பிறந்திருந்தாலும், 2020 ஜனவரி 1, யுடிசி 00:00 மணிக்குக் காலாவதியாயின. அதன்பின் அப்பதிப்புகளால் புதியதை உருவாக்கவும் முடியவில்லை. ஐஓஎஸ் எக்ஸ்இ 16.9.1-இல் குறை தீர்ந்தது. ஆனால் மென்பொருளை மாற்றினால் மட்டும் போதாது. பலர் தடுமாறுவது இங்கேதான். பழைய சான்றிதழை நீக்கிப் புதிதாக உருவாக்க வேண்டும். அதற்குமுன் கடிகாரத்தைச் சரிபார்ப்பது அவசியம்: மின்கலக் கடிகாரமும் என்டிபி நேர ஒத்திசைவும் இல்லாத பழைய சிஸ்கோ சுவிட்சுகளின் நேரம் மறுதொடக்கத்தில் 1993 மார்ச் 1-க்குப் போய்விடும், சான்றிதழின் தேதியும் தவறிவிடும்!

சான்றிதழை நம்பகப் பட்டியலில் சேர்த்த பிறகும் எச்சரிக்கை நீங்காவிட்டால், முகவரியில் தட்டச்சிடும் பெயர் அதன் மாற்றுப்பெயர்ப் புலத்தில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். 2017-இல் வெளியான குரோம் 58 முதல், பொதுப்பெயர்ப் புலத்தை அவ்வுலாவி கணக்கில் கொள்வதில்லை. சுவிட்சுகள் பல உள்ள நிறுவனத்துக்குச் சொந்தச் சான்றளிப்பகமே முறையான தீர்வு.