பெயரில் இல்லாத சொல்

நம் சங்கத்து உறுப்பினர் பட்டியலைப் புரட்டுவோர், தலைப்பெழுத்தும் பெயருமே பெரும்பாலும் காண்பர். சாதிப் பட்டம் இராது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில், ஊ. பு. அ. சௌந்தரபாண்டியன் தலைமையில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு, பெயரோடு ஒட்டிய பட்டங்களையும் உடலில் இடும் சாதி, சமயக் குறிகளையும் விட்டுவிடுமாறு மக்களைக் கேட்டுக்கொண்டது. நாளடைவில் தமிழகத்தில் அதுவே பொது வழக்காயிற்று. ஒருவர் மட்டும் பட்டத்தை விட்டால் ஊரார் ஐயுறுவர். ஊரே விட்டுவிட்டால், துறந்தவர் யார், மறைத்தவர் யார் என்று பிரித்தறிதல் அரிது. அம்மாநாட்டின் பெரும்பயன் இதுவே என்பது நம் கருத்து.

தனியே மறைக்க நேர்ந்தவரின் நிலையை டாக்டர் அம்பேத்கர் தாமே எழுதி வைத்துள்ளார். பரோடா மன்னரின் உதவியால் அமெரிக்காவில் கற்றுத் திரும்பிய அவர், 1917இல் அச்சமஸ்தானத்துப் பணியை ஏற்கச் சென்றார். இந்து விடுதிகளில் இடம் கிடையாது எனக் கருதிப் பார்சி விடுதியொன்றை நாடினார். அது பார்சிகளுக்கு மட்டுமே உரியது. எனவே விடுதிக் காவலரின் இசைவோடு, பதிவேட்டில் ஒரு பார்சிப் பெயரை எழுதி, நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய் கொடுத்துத் தங்கினார். பதினோராம் நாள் காலையில் தடிகளுடன் ஒரு கூட்டம் வந்து சூழ்ந்தது. மாலைக்குள் வெளியேற வேண்டுமென்றது. ஒரு வாரத் தவணை கேட்டும் இசையவில்லை. நண்பர் இருவரிடம் அடைக்கலம் வேண்டினார், அதுவும் கிட்டவில்லை. பூங்காவொன்றில் பொழுதைக் கழித்துவிட்டு இரவு இரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார். கொலம்பியாவில் கற்ற கல்வி அன்று அவருக்கு ஓர் அறையையும் பெற்றுத் தரவில்லை!

பெயரை விட்டு நீங்கிய சாதி, சான்றிதழை விட்டு நீங்கவில்லை, நீங்குதலும் தகாது. தலைமுறைகளாக இழைத்த தீங்கிற்கு ஈடு பெற வேண்டுவோர், தாம் இன்னார் என்று சொல்லித்தான் ஆக வேண்டும். ஆயினும், அரசியலமைப்பின் 341ஆம் பிரிவின்படி அட்டவணை வகுப்புகள் மாநிலந்தோறும் தனித்தனியே குறிக்கப்படுகின்றன. ஒரு மாநிலத்துச் சான்றிதழைக் கொண்டு, குடியேறிய மாநிலத்தின் சலுகைகளைக் கோர இயலாதென்று 1990இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிழைப்பை நாடி வந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, இங்கே தன் வகுப்பைச் சொன்னால் அம்மாநிலத்துச் சலுகை கிட்டாது. சொன்னதனால் வரும் இழிவு மட்டும் கிட்டக்கூடும்.

இனி வாடகை வீடு தேடும்போது நிகழ்வதைப் பாருங்கள். முழுப்பெயர் கேட்கிறார்கள், தந்தையின் பெயரைக் குடும்பப் பெயராகச் சொல்கிறோம். வீட்டுக்காரர் அதனைத் தாம் அறிந்த சாதிப் பெயர்களுள் தேடுகிறார். காணாமல், மீண்டும் கேட்கிறார்.