எண்ணிக்கொண்டே நடந்த மனிதர்கள்

1/ உங்க வீட்டு வாசலிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு எத்தனை அடி? எண்ணிப் பாருங்க. பாதி வழியில் யாராவது "என்ன சார், சாப்டாச்சா?"ன்னு கேட்டா எண்ணிக்கை போச்சு. இப்படியே 1,200 மைல் எண்ணிக்கொண்டே நடந்த ஒரு ஆசிரியரின் கதை இது. #இழை

2/ 1802-ல் நம்ம பரங்கிமலை பக்கத்தில் லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய நில அளவை, சில பத்தாண்டுகளில் இமயமலை வரை போயிடுச்சு. அதுக்கு அப்பால் திபெத். வெளிநாட்டுக்காரர்களுக்கு அனுமதி இல்லை. வரைபடத்தில் அந்த இடம் கிட்டத்தட்ட வெள்ளைத்தாள்.

3/ அளவைத் துறையில் இருந்த மான்ட்கமரி ஒரு யோசனை சொன்னார். எல்லையோர மலைவாசிகளையே பயிற்சி கொடுத்து அனுப்பலாம். குமாவுன் மலையின் மிலம் கிராமத்து ஆசிரியர் நைன் சிங் ராவத்தும், அவர் உறவினர் மணி சிங்கும் 1863-ல் டேராடூன் வந்தார்கள்.

4/ பயிற்சி ஏறக்குறைய 2 வருஷம். முதல் பாடம் நடை. ஏற்றமோ இறக்கமோ சமதளமோ, ஒவ்வொரு அடியும் ஒரே நீளம். சுமார் 2,000 அடி சேர்ந்தால் ஒரு மைல். கேட்க சுலபம். மூச்சு வாங்கினால் அடி தானாகச் சுருங்கும், அதுதான் உடம்போட இயல்பு. அந்த இயல்பையே பழக்கத்தால் ஜெயிக்கணும்.

5/ அடுத்தது எண்ணிக்கை. ஜபமாலையில் 108 மணி இருக்கணும். இவர்கள் மாலையில் 100 தான்! 100 அடிக்கு ஒரு மணி தள்ளணும். ஒரு சுற்று முடிந்தால் 10,000 அடி, அதாவது 5 மைல். கையில் சுழற்றும் பிரார்த்தனை உருளைக்குள் மந்திரத்துக்குப் பதில் குறிப்புத்தாள். யாராவது பேச வந்தால் உருளையைச் சுழற்றி ஜபம் செய்யணும். ஜபத்தில் இருப்பவரை யாரும் தொந்தரவு செய்ய மாட்டாங்க.

6/ உயரத்தை எப்படி அளந்தாங்க? வெந்நீர் வைத்து! மேலே போகப் போக காற்றழுத்தம் குறையும், தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். ஊட்டியில் சாதம் வேக நேரமாவது இதனால்தான். கொதிநிலையை வெப்பமானியில் பார்த்து உயரத்தைக் கணக்கிட்டார்கள்.

7/ 1865-ல் இருவரும் புறப்பட்டு நேபாள எல்லையில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பிறகு நைன் சிங் லடாக் வியாபாரி வேஷத்தில் தனியாகப் போனார். 1866 ஜனவரியில் லாசா. திரும்பி வந்தபோது கையில் சுமார் 25 லட்சம் அடிகளின் கணக்கு. 1877-ல் லண்டன் ராயல் புவியியல் சங்கம் தங்கப் பதக்கம் கொடுத்தது.

8/ கதை இங்கே முடிந்தால் சந்தோஷம். ஆனா கிந்தப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. சிக்கிமைச் சேர்ந்தவர், எழுதப் படிக்கத் தெரியாது. திபெத்தின் சாங்போ நதிதான் பிரம்மபுத்திராவா என்று கண்டுபிடிக்க, 1880-ல் ஒரு சீன லாமாவோடு அனுப்பப்பட்டார். திட்டம்: அடையாளமிட்ட 500 மரக்கட்டைகளை, நாளுக்கு 50 வீதம் சாங்போவில் விடணும். அசாமில் ஆள் காத்திருந்து பார்க்கணும்.

9/ கூடப் போன லாமா கிந்தப்பை அடிமையாக விற்றுவிட்டுப் போய்விட்டார். கிந்தப் தப்பினார். ஒரு மடத்தில் அடைக்கலம், அங்கேயும் அடிமை வேலை. தீர்த்த யாத்திரைன்னு லீவு வாங்கி 500 கட்டைகளை வெட்டி ஒளித்து வைத்தார். இன்னொரு லீவில் லாசா போய், எந்தத் தேதியில் விடுவேன் என்று பிறரைக் கொண்டு கடிதம் எழுதி அனுப்பினார். சொன்னபடியே விட்டார்.

10/ அசாமில் யாரும் பார்க்கவில்லை. அவரை அனுப்பிய ஹார்மன், உடல்நலம் கெட்டு எப்போதோ இந்தியாவை விட்டுப் போயிருந்தார். கடிதம் நேரத்துக்குச் சேரவில்லை. 500 கட்டைகளும் சத்தமில்லாமல் மிதந்து போயின. 4 வருஷம் கழித்துத் திரும்பிய கிந்தப் சொன்னதைப் பலர் நம்பவும் இல்லை. 1913-ல் பெய்லியும் மோர்ஸ்ஹெட்டும் அந்தப் பள்ளத்தாக்கில் நடந்து பார்த்த பிறகுதான், அவர் சொன்னது பெரும்பாலும் சரி என்று தெரிந்தது.

11/ நைட் டூட்டியில் ரெஃபரல் சீட்டு எழுதும்போதெல்லாம் எனக்கு கிந்தப் ஞாபகம் வரும். நாம எவ்வளவு சரியாகச் செய்து அனுப்பினாலும், அந்தப் பக்கம் வாங்கிக்க ஒரு ஆள் விழித்திருக்கணும். அதனால் சீட்டோடு நிறுத்தாமல் ஒரு போனும் போட்டுடுவேன்.

12/ ட்ரெக்கிங், என்சிசி கேம்ப் போகிற தம்பி தங்கைகளுக்கு: திசைகாட்டி பிடிக்கக் கத்துக்கறது ஒரு வாரம். கூட வருபவர் எண்ணிக்கையைத் தவறவிட்டால் நாம் பிடிப்பது, அவர் வரும்வரை சொன்ன இடத்தில் நிற்பது... அதுதான் பாதிப் பயிற்சி. ஆற்றங்கரையில் காத்திருப்பவரும் டீம்தான். (முற்றும்)