பாட்டி வாங்கித் தந்த ஆரஞ்சுச் சட்டை

பளபளக்கும் ஆரஞ்சு நிறம். முன்பக்கம் கயிறு கோத்துக் கட்டுகிற தையல். 1973ஆம் ஆண்டு, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், வில்லியம்ஸ் லேக் ஊரின் ராபின்சன்ஸ் கடையில் அந்தச் சட்டை விற்பனைக்கு இருந்தது. ஃபிலிஸ் என்ற சிறுமி அதுதான் வேண்டும் என்று எடுத்துக்கொண்டாள். அவளுக்கு அப்போதுதான் ஆறு வயது நிறைந்திருந்தது. செக்வெப்பெம் பழங்குடியைச் சேர்ந்த அவள், டாக் கிரீக் குடியிருப்பில் பாட்டியிடம் வளர்ந்தவள். வீட்டில் காசு புழங்கியதில்லை. ஆனாலும் பேத்தி பள்ளிக்கூடம் போகப்போகிறாளே என்று எப்படியோ பணம் புரட்டிப் புதுத்துணி எடுத்துக் கொடுத்தார் பாட்டி.

அவள் போய்ச் சேர்ந்த இடம் செயின்ட் ஜோசப் மிஷன். கத்தோலிக்கப் பாதிரியார்கள் தொடங்கிய தங்கும் பள்ளி அது. 1891 முதல் 1981 வரை இயங்கியது. உள்ளே நுழைந்ததும் அவள் உடுத்தியிருந்த எல்லாவற்றையும் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். ஆரஞ்சுச் சட்டையும் அதில் போயிற்று. மறுபடி ஒருநாளும் அவள் அதை உடுத்தவில்லை. துணி என்ற அளவில் அந்தச் சட்டையின் ஆயுள் அங்கேயே முடிந்துவிட்டது.

அதே மிஷனில்தான் அவளுடைய பாட்டியும் சிறுவயதில் பத்து ஆண்டுகளைக் கழித்திருந்தார். பாட்டி பெற்ற பிள்ளைகளும் அங்கேதான் போனார்கள். அந்தக் குடும்பத்துக்கு மட்டும் நேர்ந்ததல்ல இது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 1990களின் பிற்பகுதி வரை ஏறத்தாழ 1,50,000 பழங்குடிப் பிள்ளைகள் கனடாவின் தங்கும் பள்ளிகளுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 1920இல் சட்டமே அதைக் கட்டாயமாக்கியது. முடியை வெட்டினார்கள். தாய்மொழியில் பேசினால் தண்டித்தார்கள். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வீடு திரும்பவே இல்லை.

ஃபிலிஸ் ஓராண்டில் அங்கிருந்து வெளியே வந்தாள். ஆனால் ஆரஞ்சு நிறத்தை எங்கே பார்த்தாலும் ஒரே நினைவுதான் வந்தது: நான் அழுதாலும் கேட்க ஆளில்லை, நான் எதற்கும் பெறாதவள். சட்டை இருந்தது அந்த நினைவில் மட்டும்தான். அப்படியே நாற்பது ஆண்டுகள் ஓடின.

2013இல் வில்லியம்ஸ் லேக்கில், அந்த மிஷனில் படித்தவர்களும் ஊர்க்காரர்களும் கூடிப் பழையதைப் பேச ஏற்பாடாயிற்று. ஃபிலிஸ் வெப்ஸ்டாட் அங்கே தன் சட்டையின் கதையைச் சொன்னார். கேட்டவர்கள் அதை விடவில்லை. அந்த ஆண்டு செப்டம்பர் 30 முதல் ‘ஆரஞ்சுச் சட்டை நாள்’ தொடங்கிற்று. பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுபோன மாதம் செப்டம்பர். அதனால்தான் அந்தத் தேதி. ஆசிரியர்களும் மாணவர்களும் ஆரஞ்சு உடுத்தி வந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் முக்கியம் என்பது அந்த நாளின் வாசகம்.

2018இல் சட்டை புத்தகமாயிற்று. ஃபிலிஸ் எழுத, பிராக் நிக்கல் படம் வரைய, ‘ஆரஞ்சுச் சட்டையின் கதை’ ஆங்கிலத்தில் வந்தது. பிரெஞ்சிலும் செக்வெப்பெம் மக்களின் சொந்த மொழியிலும் அது வந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் வாயடைக்கப்பட்ட ஒரு மொழி, அதே பள்ளிக்கூடத்தின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறது. அடுத்த ஆண்டே இன்னும் சின்னஞ்சிறுசுகளுக்கென்று எளிய வடிவம் ஒன்றும் வந்தது.

இவ்வளவு கொடுமையைப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்று பெரியவர்கள் தயங்குவது இயல்பு. இந்தக் கதை அதற்கு ஒரு வழி காட்டியது. ஆறு வயதுப் பிள்ளைக்குச் சட்டமும் கொள்கையும் புரியாது. ஆசையாய் வாங்கிய புதுச்சட்டையைப் பிடுங்கிக்கொண்டால் எப்படி இருக்கும் என்பது நன்றாகவே புரியும். 2010இல் வந்த ‘ஃபேட்டி லெக்ஸ்’ என்ற புத்தகமும் இப்படித்தான். இனுவியலுட் இனத்துச் சிறுமியாகத் தங்கும் பள்ளிக்குப் போன மார்கரெட் போக்கியாக் ஃபென்டன், தன் மருமகள் கிறிஸ்டியோடு சேர்ந்து எழுதியது. அங்கே தனக்கு மட்டும் கொடுக்கப்பட்ட சிவப்புக் காலுறைகளைச் சுற்றித்தான் அவர் கதை நடக்கிறது. அனுபவித்தவர் கையில் ஒரு சின்னப் பொருளைப் பிடித்துக்கொண்டு பேசும்போது, பிள்ளைகள் பயந்து விலகாமல் கிட்டே வந்து கேட்கிறார்கள்.

2015இல் கனடாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 94 பரிந்துரைகளைத் தந்தது. 62ஆவது பரிந்துரை, மழலையர் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை இந்தப் பள்ளிகளின் வரலாற்றை வயதுக்கேற்பக் கற்பிக்கச் சொன்னது. 2021இல் செப்டம்பர் 30 சட்டப்படி தேசிய நாளாயிற்று. ஒரு கடையில் தொடங்கிய சட்டை, ஒரு நாட்டின் நாட்காட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

இதை நான் விருத்தாசலத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊர் வழியாக ஓடும் மணிமுத்தாறு கல்வராயன் மலையில் பிறக்கிறது. அந்த மலையில் மலையாளி பழங்குடியினர் வாழ்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளுக்காக அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் அங்கே இருக்கின்றன. இந்தப் பள்ளிகளையும் கனடாவின் பள்ளிகளையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. அங்கே பிள்ளைகளைப் பிடுங்கிப் போனார்கள்; இங்கே படிப்பு எட்டாத மலைக்குப் படிப்பைக் கொண்டுபோகத் திறந்தார்கள். ஒரு தலைமுறையின் முதல் பட்டதாரிகள் இந்த விடுதிகளில் உண்டு உறங்கி வளர்ந்தவர்கள்தான்.

ஆனாலும் ஆறு வயதில் வீட்டை விட்டு வந்து, ராத்திரி அம்மா பக்கத்தில் இல்லாமல் படுக்கும் பிள்ளையின் மனசு எந்த நாட்டிலும் ஒன்றுதான். ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டியில் எதைப் பத்திரமாக வைத்திருந்தாள், எதைப் பேசியதற்குச் சிரித்தார்கள், எந்த ஆசிரியர் பெயரைக் கேட்டு மரியாதையாய் அழைத்தார் என்பதையெல்லாம் அந்தப் பிள்ளைதான் சொல்ல வேண்டும். நல்லதும் கெட்டதும் அவள் வாயால் வர வேண்டும். சமவெளியிலிருந்து நாம் போய் அவளுக்காக எழுதுவது அதற்கு ஈடாகாது.

எங்கள் ஊரில் பீங்கான் வேலை தெரிந்தவர்கள் நிறைய. அச்சில் வார்த்த பொம்மையை ஒருமுறை சுட்டால் இறுகும். பூச்சுக் குழம்பில் தோய்த்து மறுபடி சூளையில் வைத்தால்தான் மினுமினுப்பு ஏறும். அனுபவமும் அப்படித்தான். பட்டபோது இறுகிப்போனது, வளர்ந்தபின் பிள்ளைகளுக்காக எடுத்துச் சொல்லும்போதுதான் பிறர் கையில் எடுத்துப் பார்க்கும் பொருளாகிறது. ஃபிலிஸுக்கு அதற்கு நாற்பது ஆண்டுகள் ஆயின. நம் மலைப்பிள்ளைகளை அவ்வளவு காலம் காக்க வைக்கத் தேவையில்லை.

தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் ‘நுழை, நட, ஓடு, பற’ என்ற படிகளில் மெல்லிய கதைப் புத்தகங்களை அரசுப் பள்ளிகளுக்குத் தருகிறது. உறைவிடப் பள்ளியில் படித்து இன்று ஆசிரியராக, செவிலியராக, அலுவலராக இருக்கும் மலைமக்களை அழைத்து, உங்கள் ஆறு வயதிலிருந்து ஒரு பொருளை எடுத்துச் சொல்லுங்கள் என்று கேட்டால், அந்த வரிசைக்குப் பத்துப் புத்தகங்கள் கிடைக்கும். படங்களையும் மலைப்பிள்ளைகளே வரையட்டும். முதல் பிரதிகள் வெள்ளிமலைக்கும் கருமந்துறைக்கும் போகட்டும். அடுத்த பிரதிகள் விருத்தாசலத்து வகுப்பறைகளுக்கு வரட்டும். பக்கத்து மலையின் பிள்ளையைத் தன் வயதுத் தோழியாக எங்கள் பிள்ளைகள் அறிந்துகொள்ள இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.