காவலூர் கண்டதும் சொன்னதும்

காவலூர் வானாய்வகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டு பெருமைகளைத் தவறாமல் சொல்வார்கள். யுரேனஸின் வளையங்களைக் கண்டுபிடித்தது அங்கேதான்; வியாழனின் நிலவான கானிமீடுக்குக் காற்று மண்டலம் உண்டு என்று கண்டதும் அங்கேதான். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் நடந்த கதை இந்த இரண்டு வரிகளைவிடச் சிக்கலானது, சுவையானதும்கூட.

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஏறினால் வருகிறது ஜவ்வாது மலையின் காவலூர். கொடைக்கானல் ஆய்வகத்தின் பொறுப்பில் இருந்த வைணு பாப்பு, இரவு வானத்தைப் பார்க்கத் தோதான இடம் தேடி 1960களில் இந்தக் காட்டைத் தேர்ந்தெடுத்தார். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பன்னிரண்டரை பாகையில் இருப்பதால் தென்திசை வானத்தின் பெரும்பகுதியும் இங்கிருந்து தெரியும். கொடைக்கானல் பட்டறையிலேயே செய்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கிதான் 1968இல் முதலில் வந்தது. கிழக்கு ஜெர்மனியின் ஜெனா நகரிலிருந்து ஸைஸ் நிறுவனத்தின் 102 சென்டிமீட்டர் தொலைநோக்கி 1972இல் வந்து சேர்ந்தது. மேலே சொன்ன இரண்டு கதைகளுக்கும் நாயகன் இதுதான்.

இரண்டிலும் உத்தி ஒன்றே: நட்சத்திர மறைப்பு. கோளோ நிலவோ தன் பாதையில் நகரும்போது தொலைவிலுள்ள ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்கே வரும். அதற்குக் காற்று மண்டலம் இல்லையென்றால் நட்சத்திரம் ஊதி அணைத்த விளக்கைப் போல ஒரே நொடியில் மறையும். காற்று இருந்தால் ஒளி வளைந்து சிதறி, மெல்ல மங்கி மறையும். ஒளிமானியில் பதிவாகும் கோடு சரிகிற விதத்தைக் கொண்டே அங்கே என்ன இருக்கிறது என்று கணிக்கலாம். படம் எடுத்தால் வெறும் புள்ளியாகத் தெரியும் பொருள்களை அறிய அன்று இதைவிட மலிவான வழி இல்லை.

1972 ஜூன் 7 அன்று கானிமீட் ஒரு நட்சத்திரத்தை மறைத்தது. காவலூரிலும் இந்தோனேசியாவின் லெம்பாங்கிலும் அது பதிவானது. புதிய தொலைநோக்கி வேலைக்கு வந்த புதிது. ஒளி மங்கிய விதத்தைப் பார்த்து, கானிமீடில் மெல்லிய காற்று மண்டலம் உண்டு என்று அமெரிக்க, இந்திய ஆய்வாளர்கள் சேர்ந்து 1973இல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். ஆனால் 1979இல் வியாழனைக் கடந்த வாயேஜர் 1 எடுத்த அளவீட்டில் அந்த அளவுக்குக் காற்று இல்லை. பிறகு 1990களில் ஹப்பிள் தொலைநோக்கி, கானிமீடில் ஆக்சிஜனின் ஒளிர்வைக் கண்டது. ஆக, காற்று இருக்கிறது. ஆனால் காவலூரும் லெம்பாங்கும் கணித்ததைவிடப் பல மடங்கு மெல்லியது. இதைப் பாதி வெற்றி என்று சொல்வதுதான் நேர்மை.

யுரேனஸ் கதை வேறு மாதிரி.

1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு மங்கலான நட்சத்திரத்தை மறைக்கும் என்று கிரீன்விச் ஆய்வகத்தின் கார்டன் டெய்லர் நான்கு ஆண்டுகளுக்கு முன்பே கணித்திருந்தார். மறைப்பு தெரியும் பகுதி இந்தியப் பெருங்கடலையும் அதன் கரைகளையும் சுற்றி அமைந்திருந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் எலியட், எட்வர்ட் டன்ஹாம், டக்ளஸ் மிங்க் மூவரும் நாசாவின் குய்ப்பர் பறக்கும் ஆய்வகத்தில், அதாவது 91 சென்டிமீட்டர் தொலைநோக்கியைச் சுமந்த விமானத்தில், ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து கிளம்பித் தெற்குக் கடலுக்கு மேலே பறந்தார்கள். பெர்த் ஆய்வகத்தில் ராபர்ட் மில்லிஸ் குழு காத்திருந்தது. காவலூரில் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் 102 சென்டிமீட்டர் தொலைநோக்கியில் இருந்தார்கள். இந்திய நேரப்படி அப்போது மார்ச் 11, நள்ளிரவு தாண்டியிருந்தது.

வேலை லேசானதல்ல. யுரேனஸ் அந்த நட்சத்திரத்தைவிடப் பல மடங்கு பிரகாசமானது. யுரேனஸின் காற்றிலுள்ள மீத்தேன் சிவப்பொளியில் சில அலைநீளங்களை விழுங்கிவிடும் என்பதால், கோள் இருண்டு தெரியும் அந்த அலைநீளங்களைத்தான் எலியட் குழு வடிகட்டி எடுத்தது. கணிப்பில் பிழை இருக்கலாம் என்று பதிவை வெகு முன்னதாகவே ஓடவிட்டிருந்தார்கள். கோள் மறைப்பதற்குச் சுமார் 35 நிமிடம் முன்பு ஒளி சட்டென்று சரிந்து மீண்டது. பிறகு இன்னும் சில சரிவுகள். மறைப்பு முடிந்து நட்சத்திரம் மறுபக்கம் வந்ததும் அதே வரிசை தலைகீழாக வந்தது. விமானத்தில் இருந்தவர்களும் முதலில் ஏதோ நிலவு என்றுதான் நினைத்தார்கள். இருபுறச் சரிவுகளும் கோளின் மையத்திலிருந்து ஒரே தொலைவில் பொருந்திப்போன பிறகே வளையம் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

காவலூரின் பதிவில் பளிச்சென்று தெரிந்தது ஒரு சரிவு. அது பத்து நொடிகூட நீடிக்கவில்லை. இன்று எப்சிலான் என்று அழைக்கப்படும், வளையங்களிலேயே தடித்தது ஏற்படுத்திய சரிவு அது. ஒரே ஒரு சரிவை வைத்துக்கொண்டு வளையம் என்று சொல்ல யாருக்குத்தான் துணிவு வரும்? பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் புதிய துணைக்கோள் என்றே எழுதினார்கள்.

இதற்குச் சாட்சி நேச்சர் இதழின் 267ஆம் தொகுதி. 328ஆம் பக்கத்தில் எலியட் குழுவின் கட்டுரை, தலைப்பு ‘யுரேனஸின் வளையங்கள்’. 330இல் பெர்த் குழுவின் கட்டுரை, அதுவும் வளையம் பற்றியதே. 331இல் காவலூர்க் கட்டுரை: ‘யுரேனஸின் புதிய துணைக்கோள்’. ஒரே இரவு, ஒரே நட்சத்திரம், அடுத்தடுத்த பக்கங்களில் இரண்டு முடிவுகள். அதே ஆண்டு பட்டாச்சார்யாவும் பாப்புவும் யுரேனஸைச் சுற்றி சனியைப் போன்ற வளைய அமைப்பு இருப்பதாக நேச்சரில் மறுபடி எழுதினார்கள். சனியின் வளையங்களைப் போல அவை அகலமானவை அல்ல என்பது பின்னால் உறுதியானது. பெரும்பாலானவை சில கிலோமீட்டர் அகலமே உள்ளவை; எப்சிலான்கூட அதிகபட்சம் நூறு கிலோமீட்டரை எட்டாது. அதுவும் சுமார் 270 கோடி கிலோமீட்டர் தொலைவிலிருந்து! எனவே காவலூர் வளையத்தைப் ‘பார்த்தது’ என்று சொன்னால் அதில் ஒரு பிழையும் இல்லை. ‘கண்டுபிடித்தது’ என்ற சொல்லை எலியட் குழுவுக்கு விட்டுவிடுவதே முறை.

அந்தப் போட்டியின் தழும்பு பெயர்களில் இன்னும் இருக்கிறது. கார்னெல்காரர்கள் ஆல்ஃபா, பீட்டா என்று கிரேக்க எழுத்துகளை வைத்தார்கள். பெர்த்காரர்கள் எண்களை வைத்தார்கள். இரண்டும் ஒட்டிக்கொண்டதால் 6, 5, 4, ஆல்ஃபா, பீட்டா என்று இன்றும் விநோதமாகத்தான் எண்ணுகிறார்கள். 1986 ஜனவரி 24 அன்று வாயேஜர் 2 அருகே சென்று வளையங்களைப் படம் பிடித்தது. அதே மாதம் 6ஆம் தேதிதான் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு, அதைக் காணாமலே 1982இல் மறைந்த பாப்புவின் பெயரைச் சூட்டினார்கள்.

காவலூர் ஐயத்துக்கு இடமின்றித் தனதென்று சொல்லிக்கொள்ளக்கூடியவை வேறு: சிறுகோள்கள். ‘கல்கி’ என்ற தேடல் திட்டத்தில் ஆர். ராஜமோகன் 45 சென்டிமீட்டர் ஷ்மிட் தொலைநோக்கியில் 1988 பிப்ரவரி 17 அன்று ஒன்றைக் கண்டுபிடித்தார். இன்று அதன் பெயர் 4130 ராமானுஜன். இந்தியாவிலிருந்து அதற்கு முன் சிறுகோள் கண்டுபிடித்தவர் நார்மன் போக்சன், 1885இல். காவலூரின் முன்னோடியான நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் இருந்தவர் அவர். ஆசியா, சாப்போ, சில்வியா, கமிலா, வேரா என ஐந்து சிறுகோள்களை மதராஸிலிருந்து கண்டார். அவர் 1866இல் கண்ட சில்வியாவுக்கு 2001இல் ஹவாயின் கெக் தொலைநோக்கி ஒரு நிலவையும், 2004இல் சிலியின் பெருந்தொலைநோக்கி இன்னொன்றையும் கண்டன. இரண்டு நிலவுகள் கொண்ட சிறுகோள் என்று முதலில் அறியப்பட்டது அதுதான்.

நட்சத்திர மறைப்பு உத்தி இன்னும் ஓயவில்லை. 2013 ஜூன் 3 அன்று, சனிக்கும் யுரேனஸுக்கும் இடையே சுற்றும், வெறும் 250 கிலோமீட்டர் அளவுள்ள சாரிக்லோ என்ற சிறுகோள் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, தென் அமெரிக்காவில் பல இடங்களில் தொலைநோக்கிகள் காத்திருந்தன. முன்னும் பின்னும் ஒளி சரிந்தது. இந்த முறை வளையம் என்ற முடிவுக்கு வர அதிக காலம் பிடிக்கவில்லை, பதிவுகள் பல இடங்களிலிருந்து கிடைத்திருந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் பக்கத்துக்கு ஒரே சரிவுதான். சிலியின் லா சில்லா மலையில் வேகமான கேமரா பொருத்திய டேனிஷ் தொலைநோக்கி மட்டும் அதை இரண்டாகப் பிரித்துக் காட்டியது: ஏழு கிலோமீட்டர் அகலத்தில் ஒரு வளையம், அதைவிட ஒடுங்கிய மற்றொன்று, நடுவே சிறிய இடைவெளி.