ஏலமலை அடிவாரத்தில் மாணவர் தொழிற்பயிற்சி

போடிநாயக்கனூர், தேனி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் ஏலமலை அடிவாரத்தில் அமைந்த ஊர். ஏலக்காய் பெரும்பாலும் போடிமெட்டுக்கு அப்பால், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் விளைகிறது. தரம் பிரிப்பதும் வணிகமும் போடியில் நடக்கின்றன. நறுமணப் பொருள்கள் வாரியத்தின் கணினிவழி ஏலம் போடியிலும் மலைமேல் உள்ள புற்றடியிலும் நடைபெறுகிறது. இவ்வளவு வேலை நடக்கும் ஊரில், படித்து முடித்த பிள்ளைகளுக்கு முறைப்படி வேலை பழகும் வாய்ப்பு மட்டும் தாமதமாகவே வந்தது.

இந்தியாவின் தொழிற்பழகுநர் சட்டம் 1961இல் இயற்றப்பட்டு, 1962 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பிட்டர், டர்னர் போன்ற தொழிற்பிரிவினருக்கே முதலில் அது பயன்பட்டது. 1973ஆம் ஆண்டுத் திருத்தம் பொறியியல் பட்டதாரிகளையும் பட்டயதாரிகளையும் சேர்த்துக்கொண்டது. 1986இல் மேல்நிலைப் பள்ளியில் தொழிற்பிரிவு படித்தவர்களும் இடம்பெற்றனர். கலை, அறிவியல், வணிகவியல் பட்டதாரிகளைப் பற்றிச் சட்டம் பேசவில்லை.

போடியில் இருந்ததோ அவர்கள்தாம். ஏலக்காய்த் தோட்ட உரிமையாளர்கள் சங்கத்தின் பெயரைத் தாங்கிய சி.பி.ஏ. கல்லூரி, 1970களின் தொடக்கம் முதல் இயங்கிவரும் கலை அறிவியல் கல்லூரி. அங்கே வணிகவியல் படித்தவர் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதிப் பழகலாம். ஆனால் சட்டப்படியான உதவித்தொகையும் கிடையாது, பழகியதற்குச் சான்றிதழும் கிடையாது. பொறியியல் அல்லாத பட்டதாரிகளுக்கும் கதவைத் திறந்த திருத்தம் 2014 டிசம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. இடைவெளி 41 ஆண்டுகள்! ஒரு தலைமுறையே பணி ஓய்வை நெருங்கிவிடும் காலம் இது.

அரசு பொறியியல் கல்லூரி போடிக்கு 2012இல் வந்தது. பயிற்சி தரும் பெரிய ஆலைகள் கோவை, ஓசூர், திருப்பெரும்புதூர்ப் பக்கம் இருந்தன. 1928இல் வந்த மதுரை–போடி ரயிலோ அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியோடு நின்றுபோயிருந்தது. முதல் அணி மாணவர்கள் படித்து வெளியேறிய 2016லும் ரயில் இல்லை. அது 2023 ஜூனில்தான் போடிக்குத் திரும்பியது.

வேளாண் படிப்பினரின் நிலை வேறு. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர்கள் ஊரகத் தோட்டக்கலைப் பணி அனுபவத் திட்டத்தில் கிராமங்களில் தங்கி, உழவர்களோடு வேலை கற்கிறார்கள். படிப்பிலேயே சேர்ந்த பயிற்சி என்பதால் இடம் தேடி அலைய வேண்டியதில்லை. ஏலக்காய்க்கென்று பாம்பாடும்பாறையில் 1956 முதலும், மயிலாடும்பாறையில் 1978 முதலும் ஆராய்ச்சி நிலையங்கள் உள்ளன. இரண்டும் கேரளத்தில்தான். 1956 மாநிலச் சீரமைப்பில் தேவிகுளமும் பீர்மேடும் அந்தப் பக்கமே நீடித்தன.

பட்டதாரிப் பழகுநர் பயிற்சி வழக்கமாக ஓராண்டு. 2019 விதிகள் மாத உதவித்தொகையைப் பட்டதாரிக்குக் குறைந்தது ரூ.9,000, பட்டயதாரிக்கு ரூ.8,000 என நிர்ணயித்தன. நிறுவனம் அரசுத் திட்டத்தில் சேர்ந்தால் இதில் பாதியை ஒன்றிய அரசு ஏற்கிறது. வெளியூரில் அறை எடுத்துத் தங்கினால் இந்தத் தொகை வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே கரைந்துவிடும். சென்னை தரமணியில் உள்ள தென்மண்டலப் பயிற்சி வாரியத்தின் எல்லைக்குள் கேரளமும் அடங்குகிறது. ஆகவே போடிப் பட்டதாரி ஒருவர், பழகுநர்களை எடுக்கப் பதிவு செய்துள்ள இடுக்கி நிறுவனத்திலும் தம் பயிற்சி ஆண்டை முடிக்கலாம்.