கலியுகத் தொடக்கமும் லாப்லாசின் கருதுகோளும்: சூரியக் குடும்பத் தோற்ற ஆய்வில் புதுச்சேரியின் பங்கு

பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்தீயின் புதுச்சேரி வாழ்க்கையை, 1769 ஜூனில் மேகம் மறைத்தமையால் வெள்ளியின் சூரியக் கடப்பைக் காண இயலாது போன கதையாகவே பலரும் எழுதிவந்துள்ளனர். அக்கடப்பினும் அவர் இங்குக் கற்றுச்சென்ற தமிழ்க் கணிதமுறையே அறிவியல் வரலாற்றில் நெடுந்தொலைவு சென்றது.

1768 மார்ச்சில் அவர் வந்திறங்கியபோது, 1761இல் ஆங்கிலேயரிடம் வீழ்ந்த நகரம் இடிபாடாகக் கிடந்தது. அவ்விடிபாட்டின் மீதே அவருடைய வானோக்ககம் எழுந்தது. சோழிகளைத் தரையில் வைத்து, மனனம் செய்த வாக்கியங்களைக் கொண்டு கிரகணம் கணிக்கும் முறையை அவர் பயின்றார். 1765 ஆகஸ்டு 30 சந்திர கிரகணத்தின் கால அளவில் தமிழ்க் கணிப்பு 41 விநாடி குறைந்தது. தோபியாஸ் மாயரின் ஐரோப்பிய அட்டவணையோ 68 விநாடி மிகுந்தது. இச்செய்தியைப் பெருமிதத்தோடு எடுத்தாள்வோர், 1825இல் ஜான் வாரன் புதுச்சேரிக் கணியர் ஒருவரிடமிருந்து பதிவுசெய்த கிரகணக் கணிப்பு முடிவு நேரத்தில் 52 நிமிடம் பிழைபட்டதையும் சேர்த்துக் கூறுதல் முறை.

லெ ஜான்தீய் கொண்டுசென்றவற்றையும் பிற இந்திய அட்டவணைகளையும் பய்யி 1787இல் நூலாக்கினார். அக்காலத்தில் லாப்லாஸ் வேறொரு சிக்கலில் ஈடுபட்டிருந்தார். வியாழனின் வேகம் கூடியும் சனியின் வேகம் குறைந்தும் வருவதாக ஹாலி கண்டிருந்தார். அப்போக்கு நீடிப்பின் சூரியக் குடும்பம் நிலைகுலையும். இரு கோள்களின் பரஸ்பர ஈர்ப்பால் ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு ஒருமுறை மீளும் மாற்றமே அது என லாப்லாஸ் 1785இல் நிறுவினார். கி.மு. 3102இல் சனியின் ஆண்டு இயக்கம் தம் கோட்பாட்டின்படி 12°13′14″ என்றும், இந்திய அட்டவணையில் அது 12°13′13″ என்றும் அவர் வியந்து குறித்தார்.

வியப்பு நீடிக்கவில்லை. கலியுகத் தொடக்கத்தில் கோள்கள் யாவும் கூடியதாக அட்டவணைகள் கொள்கின்றன. பின்னோக்கிக் கணித்தபோது அத்தகைய கூட்டம் நிகழவில்லை எனத் தெரிந்தது. கோள் இயக்கங்களுக்குப் பொதுத் தொடக்கம் ஒன்று வேண்டி வகுக்கப்பட்ட நாளே அது என்று தம் ‘உலக அமைப்பின் விளக்கம்’ நூலில் லாப்லாஸ் முடிவு செய்தார். கணிதத் தொடக்கம் என்னும் கருத்தை அவர் சரியாகவே இனங்கண்டார் எனலாம். கலியாண்டைக் கண்ணால் கண்ட கோள்கூட்டத்தின் சான்றாகக் காட்டும் வழக்கமோ இன்றும் ஒழிந்தபாடில்லை.

1796இல் வெளிவந்த அந்நூலே பௌதிகத் தொடக்கம் ஒன்றையும் முன்வைத்தது. கோள்கள் ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே தளத்தில் சுற்றுவது தற்செயலாகாது. சூரியனின் வெப்ப வளிமண்டலம் ஒருகாலத்தில் கோள்பாதைகளுக்கு அப்பாலும் பரவியிருந்து, குளிர்ந்து சுருங்குகையில் விட்டுச்சென்ற வளையங்களே கோள்களாயின என்றார். நிலைத்த அமைப்பு என்பது உறுதிப்பட்ட பிறகே இவ்வினா பொருளுடையதாயிற்று. நிறையில் 99 விழுக்காட்டுக்கும் மேல் சூரியனிடம் இருந்தும் கோண உந்தத்தில் மிகச் சிறு பங்கே அதற்கு உரியது. இதனை விளக்க இயலாமையால் வளையக் கருதுகோள் கைவிடப்பட்டது. ஆயினும் சுழலும் வாயு-தூசித் தட்டிலிருந்து கோள்கள் திரண்டன என்னும் மையக்கருத்து இருபதாம் நூற்றாண்டில் மீண்டும் ஏற்கப்பட்டது. அத்தட்டின் முதல் திடத்துகள்கள் உருவாகி ஏறத்தாழ 457 கோடி ஆண்டுகள் ஆயின என்பது, எரிகற்களிலுள்ள யுரேனியம், ஈயம் ஆகியவற்றின் விகிதத்திலிருந்து கணிக்கப்பட்டுள்ளது.